ஈர்க்கு

பண்டாரவளைச் சந்தைக்கு ஞாயிறு போனால்
பஸ் நிற்குமுன்னே இறங்கிவிட வேண்டும்.
இல்லாவிட்டால் கூட்டமே தூக்கிப்போய்
கருவாட்டு வரிசையில் வைத்துவிடும்,
நீ வந்தது சப்பாத்து வாங்க என்றாலும்.

நான் வந்தது சப்பாத்து வாங்கத்தான்.
வெள்ளை கென்வஸ். நாளைக் காலைக்குள்.
பழையதில் பெருவிரல் எட்டிப் பார்க்கிறது.
தனுர்ஷனுக்குக் காய்ச்சல், கூட்டிவர முடியாது.
விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்கை உருவி
குதியிலிருந்து விரல் நுனிவரை பிடித்துக் கிள்ளப் போனேன்.
"கொஞ்சம் கூட வைங்கம்மா, நான் வளருவேன்."
அரை விரல் கூட வைத்தேன்.

முதலில் லீக்ஸ். அப்புறமும் லீக்ஸ்.
வேர் மண் உதிராத லீக்ஸ் மலை.
ஒருவன் போஞ்சி விலையைக் கூவுகிறான்,
பக்கத்தில் நிற்பவன் பத்து ரூபாய் குறைத்து
அவன் காதுக்குள்ளேயே கூவுகிறான்.
எலி மருந்துக்காரனின் ஒலிபெருக்கி
சிங்களத்தில் ஒரு தரம்
தமிழில் ஒரு தரம்
அதே எலியைக் கொல்கிறது.

"அயின் வென்ன! அயின் வென்ன!"
கோவா மூட்டையோடு நாட்டாமி ஒருவர்
என்னைத் தேங்காய்க் குவியலோடு சேர்த்து அழுத்திப் போனார்.
பைக்குள் ஏதோ முறிந்தது.

ஈர்க்கு இரண்டு துண்டு.
இரண்டுதானா?
குனிந்து தேடினேன், சேற்றுக்கால்களுக்கு நடுவே.
காசு விழுந்ததென்று
தேங்காய்க்காரரும் கூடவே குனிந்தார்.
ஈர்க்குக்குச் சிங்களத்தில் என்ன பெயர்?
தெரியவில்லை. சிரித்துவைத்தேன்.

நீலத் தறப்பாள் கடை.

"கீயத?"
"தெதாஹய் தெசீயய்."
"அடு கரண்ன."
"பே, நோனா."

என் சிங்களம் பஸ்ஸிலும் ஆஸ்பத்திரி வரிசையிலும் பொறுக்கியது.
அவனுடையதும் அங்கங்கே இடறியது,
அப்போது நான் கவனிக்கவில்லை.
நூறு இறங்கினான். நான் நகர்வதாய் நடித்தேன்.
இன்னும் ஐம்பது இறங்கினான்.
மூன்றாம் நம்பருக்குள் இரண்டு துண்டையும் ஒட்டிவைத்தேன்.
சரியாக இருந்தது.
துண்டு ஒன்று தொலைந்திருந்தால்
நாலாம் நம்பரும் சரிதான்.

மழை கேட்டுக்கொண்டா வரும்?
தறப்பாள் வயிறு தள்ளித் தொங்கியது.
அவன் கம்பால் மேலே குத்தினான்,
தண்ணீர் முழுக்கப் பெட்டிகளின் மேல்.

"ஐயோ, பெட்டி!"

அவனும் நானும்
ஒரே நேரத்தில், ஒரே தமிழில்.

நனைந்த பெட்டியைக் கையில் வைத்தபடி
என்னைப் பார்த்தான்.
"எந்தத் தோட்டம்?"
"எல்ல ரோட்டுல, மேற்கணக்கு. நீங்க?"
"பசறைப் பக்கம்.
அப்பவே சொல்லியிருக்கலாமேக்கா."

"பெட்டி வேணாம், ரெண்டாயிரம் குடுங்க" என்றான்.
அதற்குக் கீழே கேட்க
தமிழில் எனக்கு வாய் வரவில்லை.
சிங்களத்திலேயே நின்றிருந்தால்
ஆயிரத்து எண்ணூறில் முடித்திருப்பேன்.
மிச்சத்தில் கால் கிலோ நெத்தலி வந்திருக்கும்.

"அளவுதான் சந்தேகம்" என்று
முறிந்ததைக் காட்டினேன்.
வாங்கி, முறிந்த முனைகளைச் சேர்த்து
பெருவிரலால் தடவினான்,
கடிகாரம் திருத்துகிறவன் மாதிரி.
"பல்லுக்குப் பல்லு பொருந்துது.
நடுவுல ஒண்ணும் விழல. மூணுதான்."

பணத்தை எண்ணும்போது அவன் உதடு
ஒண்ணு, ரெண்டு என்றே அசைந்தது.
ஆரம்பத்திலேயே அவன் உதட்டைப் பார்த்திருக்கலாம்.

தலையில் பையைக் கவிழ்த்து,
சப்பாத்தை முந்தானைக்குள் பொத்தி
பஸ்ஸுக்கு ஓடுமுன் திரும்பினேன்.

ஈர்க்கின் சின்னத் துண்டால் பல் குத்தியபடி
அடுத்த ஆளிடம் சொல்லிக்கொண்டிருந்தான்:
"தெதாஹய் தெசீயய்."